பால்ச்சாமி இறுக்கிய போல்ட்டு

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில், கூலிக்குக் களையெடுக்கிற குடும்பத்தில் பிறந்தவர் பால்ச்சாமி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதினேழு வயதில் பருத்தி மூட்டை ஏற்றப் போன இடத்தில் லாரி கிளம்பாமல் நின்றுவிட்டது. டிரைவரும் கிளீனரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, டீசல் குழாயை அடைத்திருந்த பஞ்சை வாய்வைத்து உறிஞ்சித் துப்பியவர் அவர்தான். அந்த லாரியிலேயே அருப்புக்கோட்டைக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஒரு பட்டறையில் பதினைந்து வருஷம் அடுத்தவருக்கு உழைத்துவிட்டு, அறுபத்தாறில் திருச்சுழி ரோட்டோரம் சொந்தமாகத் தகரக் கொட்டகை போட்டார். நடுவில் ஆள் நிற்கிற ஆழத்துக்குக் குழி. மேலே உத்தரத்தில் சங்கிலிக் கப்பி. வேலைக்கு வேறு ஆள் கிடையாது.

லாரிக்காரர்கள் அவரைத் தேடி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர் இறுக்கிய போல்ட்டு லேசில் தளராது. ஸ்பேனரின் காம்பில் இரண்டு அடி இரும்புக் குழாயைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுப்பார். “பால்ச்சாமி இறுக்குனா எமன் வந்தாலும் கழட்ட முடியாது” என்று டிரைவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அதைக் கேட்கும்போது அவருக்கு உள்ளுக்குள் குளிரும். அவருடைய அப்பாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. இவரை ‘மெக்கானிக்கு’ என்று நாலு பேர் தேடி வந்தார்கள்.

பருத்தி வியாபாரி காசிராஜன் ஒரு கார் வாங்கியது அறுபத்தேழில். சென்னையில் ஏதோ வெளிநாட்டுத் தூதரகத்தில் ஓடிய அமெரிக்க வண்டி, ஏலத்தில் எடுத்தது. கப்பல் மாதிரி நீளம். கிளட்ச் கிடையாது. டிரைவர் கியர் மாற்ற வேண்டியதில்லை, வண்டியே மாற்றிக்கொள்ளும். ‘கியர் இல்லாத காரு’ என்று ஊரே பேசியது.

அதை ஓட்டியவர் உக்கிரபாண்டி. நரிக்குடிப் பக்கத்துக்காரர், பால்ச்சாமியைவிட மூன்று வயது இளையவர், அதற்குமுன் லாரி ஓட்டியவர். முதல் மாதம் முழுக்க அவருடைய இடது கால், இல்லாத கிளட்ச்சைத் தேடித் தரையை மிதித்துக்கொண்டே இருந்ததாம். பிறகு பழகிவிட்டது. காலையில் தான் குளிப்பதற்கு முன்னால் காரைக் குளிப்பாட்டுவார். சும்மா இருக்கிற நேரத்தில் பால்ச்சாமியின் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, கேட்காமலே எடுபிடி வேலை பார்ப்பார். “அண்ணே” என்றுதான் கூப்பிடுவார்.

அறுபத்தொன்பது பங்குனியில் கார் நின்ற இடத்திலெல்லாம் சிவப்பாக எண்ணெய் சொட்டத் தொடங்கியது. வெற்றிலை எச்சில் துப்பியதுபோல. அந்தக் கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற எண்ணெயின் நிறமே அதுதான். எண்ணெய் கசியாமல் தடுக்கிற முன்பக்கத்துச் சீல் தேய்ந்திருக்கிறது, கியர்பாக்ஸைக் கீழே இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்றார் பால்ச்சாமி. அப்படிப்பட்ட கியர்பாக்ஸை அதுவரை அவர் தொட்டதே இல்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. “மதுரைக்கு அனுப்பிரட்டுமா?” என்று காசிராஜன் கேட்டபோது, “எதுக்கு மொதலாளி, கியர்பாக்ஸு கியர்பாக்ஸுதான்” என்றுவிட்டார்.

இறக்கியாயிற்று. சென்னையிலிருந்து வந்த புதுச் சீலும் மாட்டியாயிற்று. திரும்ப ஏற்றி மாட்ட வேண்டிய அன்று, உக்கிரபாண்டி ஒரு காகிதத்தோடு வந்தார்.

“அண்ணே, நம்ம பாப்பா எழுதிக் குடுத்துச்சு. வண்டியோட வந்த இங்கிலீசு பொஸ்தகத்துல இருக்காம். எந்தப் போல்ட்ட எம்புட்டு இறுக்கணும்னு கணக்காப் போட்டிருக்கு. இதுக்கு மேல போகக் கூடாதாம். கியர்பாக்ஸுக் கூடு அலுமினியமாம், ஒடஞ்சிருமாம்ல.”

பாப்பா என்றது காசிராஜனின் மகள் சண்முகவடிவை. மதுரையில் கல்லூரியில் பௌதிகம் படிக்கிறவள். விடுமுறைக்கு வந்த இடத்தில், புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, தமிழில் குண்டு குண்டாக எழுதி அனுப்பியிருந்தாள். பால்ச்சாமி எழுத்துக் கூட்டிப் படித்தார். கியர்பாக்ஸ் கூட்டை எஞ்சினோடு சேர்க்கிற போல்ட்டு ஆறு: முப்பது அடி-பவுண்டு. எண்ணெய்ச் சட்டிப் போல்ட்டு: பன்னிரண்டு அடி-பவுண்டு. அதற்குக் கீழே ஒரு வரி: கூடு எஞ்சினோடு கையாலேயே ஒட்டி உட்கார வேண்டும், இடைவெளி இருந்தால் போல்ட்டைக் கொண்டு இழுக்கக் கூடாது.

அடி என்றால் நீளம். பவுண்டு என்றால் எடை. இரண்டையும் சேர்த்தால் என்ன வரும்? பால்ச்சாமிக்குத் தெரியவில்லை. உக்கிரபாண்டியிடம் கேட்டிருந்தால் அவர் ஓடிப்போய் அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு வந்திருப்பார். ஆனால் கொட்டகையில் இரண்டு லாரி டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏலே பாண்டி, சமையக்காரன் காகிதத்தப் பாத்தா உப்புப் போடுவான்?” என்றார் பால்ச்சாமி.

டிரைவர்கள் சிரித்தார்கள். உக்கிரபாண்டியும் சிரித்தார். ஆனாலும் அந்தக் காகிதத்தை மடித்து, குழியின் விளிம்பில் ஒரு நட்டுக்குக் கீழே காற்றில் பறக்காமல் வைத்தார். “எதுக்கும் ஒருக்காப் பாத்துக்கண்ணே. நான் போயி எண்ண வாங்கிட்டு வாரேன்.”

டிரைவர்களும் கிளம்பிப் போனார்கள். குழிக்குள் பால்ச்சாமி மட்டும். சங்கிலியில் தொங்கிய கியர்பாக்ஸைத் தள்ளி எஞ்சினோடு சேர்த்தபோது ஒரு பக்கம் ஒட்டியது, மறுபக்கம் விரல்நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி நின்றது. லாரியிலும் இப்படி நிற்கும். போல்ட்டைப் போட்டு இழுத்தால் வந்துவிடும். குழாயைச் செருகினார். இழுத்தார். இடைவெளி மூடியது. நல்லது என்று இன்னொரு இழுப்பு இழுத்தார்.

‘டிக்’ என்றது.

சத்தம் பெரிதில்லை. சுள்ளி ஒடிகிற மாதிரி. பால்ச்சாமி அசையாமல் நின்றார். விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அடிப்புறத்துப் போல்ட்டு நுழைகிற காதிலிருந்து கூட்டின் உடம்பை நோக்கி ஒரு கோடு. மயிரிழைதான். விரலால் தடவினால் தெரிந்தது.

அப்போதே அவர் மேலே ஏறி வந்து, “பாண்டி, தப்பு நடந்துபோச்சு” என்று சொல்லியிருக்கலாம். கையாலேயே வேலையைக் கற்றவர்கள் எல்லோரும் ஒருநாள் எதையாவது உடைத்திருப்பார்கள். ஆனால் வெளிநாட்டுக் கூடு, இந்தியாவிலேயே கிடைக்காது. “மதுரைக்கு அனுப்பிரட்டுமா” என்று கேட்டவரிடம் வேண்டாம் என்றவர் இவர். டப்பாவிலிருந்து கிரீஸை ஒரு விரல் வழித்து, அந்தக் கோட்டின் மேல் பூசினார். துணியால் சுற்றிலும் துடைத்தார். பிறகு மிச்சப் போல்ட்டுகளைப் பயந்து பயந்து முடுக்கினார். காகிதத்தை எடுத்து அடுப்பு எரிக்கிற குப்பையோடு போட்டார்.

உக்கிரபாண்டி எண்ணெயோடு வந்தார். வண்டி கிளம்பியது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. “அண்ணே கைன்னா கைதான்!” என்று அவர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். பால்ச்சாமிக்கு அன்று கைகழுவ வெகுநேரம் பிடித்தது.

ஐந்து மாதம் ஓடியது. ஒவ்வொரு தடவை கார் கொட்டகையைத் தாண்டும்போதும் பால்ச்சாமி ரோட்டைப் பார்ப்பார், சிவப்பு தெரிகிறதா என்று. ஒன்றும் தெரியாது. ஆவணி வாக்கில் பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஆவணிக் கடைசியில், காசிராஜனும் அவர் மனைவியும் நரிக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். திருச்சுழி தாண்டிக் கண்மாய்க் கரை ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும், வண்டிக்கு அடியில் ஏதோ ஒடிகிற சத்தம். எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. பின்னால் ரோடு நெடுக எண்ணெய் சிவப்பாகக் கிடந்தது. பட்டுச் சேலையும் நகையுமாக இருந்த அந்த அம்மாளை, வழியில் போன மாட்டு வண்டியில், வைக்கோல் மேல் உட்காரவைத்துக் கல்யாண வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. கல்யாணத்துக்கு வந்த சம்பந்த வகையெல்லாம் பார்த்தது. காசிராஜனால் அதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து காரைக் கொட்டகையில் விட்டார்கள். வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து டிரைவர்கள். பால்ச்சாமி குழிக்குள் இறங்கினார். போல்ட்டுக் காது தனியாக ஒடிந்து தொங்கியது. பிளவு கூட்டின் உடம்புக்குள் ஒரு சாண் நீளம் ஓடியிருந்தது.

“என்னப்பா மெக்கானிக்கு, என்ன ஆயிருக்கு?” என்று மேலேயிருந்து காசிராஜன் குனிந்தார்.

“கூடு ஒடஞ்சிருக்கு மொதலாளி.”

“கல்லுல ஏத்திருக்கான். அப்பிடித்தான?”

“இல்ல மொதலாளி” என்றார் உக்கிரபாண்டி. “கல்லுல ஏறவே இல்ல. பள்ளத்துல எறங்குச்சு, அம்புட்டுத்தான். எங்க ஆத்தா மேல சத்தியம்.”

“நீ பேசாத. மெக்கானிக்கக் கேக்குறேன். அடியில கல்லு பட்டா இந்த மாதிரி ஒடையுமா?”

குழியிலிருந்து பார்த்தால் சுற்றிலும் கால்கள்தான் தெரிந்தன. கால்களுக்கு மேலே முகங்கள் குனிந்து அவரையே பார்த்தன. அந்த டிரைவர்களில் ஒருவர்கூட, பால்ச்சாமி இறுக்கியதால் ஒடிந்திருக்கும் என்று நினைக்கவில்லை. அது அந்த முகங்களிலேயே தெரிந்தது.

“ஒடையும்” என்றார்.

“அப்பக் கல்லுதான் பட்டிருக்கு.”

“பட்டிருக்கலாம் மொதலாளி.”

காசிராஜன் திரும்பி உக்கிரபாண்டியின் கன்னத்தில் அறைந்தார். அத்தனை பேருக்கு நடுவில். உக்கிரபாண்டி அவரைப் பார்க்கவில்லை. குழிக்குள் இருந்த பால்ச்சாமியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பால்ச்சாமி எப்படியோ சமாளித்திருப்பார். அதில் கோபம் இல்லை. அண்ணனே சொல்லிவிட்டாரே, நமக்குத் தெரியாமல் கல்லில் ஏறிவிட்டோமோ என்கிற குழப்பம்தான் இருந்தது. சாவியை முதலாளியின் காலடியில் வைத்துவிட்டு நடந்து போனார்.

அதற்குப் பிறகு பால்ச்சாமிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி ஆவுடைத்தாய், மஞ்சள் காமாலையோ என்று கண்ணை விரித்துப் பார்த்தார். உக்கிரபாண்டிக்கு ஊரில் யாரும் வண்டி கொடுக்கவில்லை என்று காதில் விழுந்தது. நரிக்குடிப் பக்கம் கரி மூட்டம் போடுகிற இடத்தில் கூலிக்குப் போவதாகவும் சொன்னார்கள். ஒடிந்த கூட்டை மூலையில் போட்டு, அதன்மேல் சாக்கைப் போட்டு மூடினார் பால்ச்சாமி. அந்த மூலையில் கிடந்த சாமான்களை எடுக்கக்கூட அவர் அந்தப் பக்கம் போவதில்லை.

மாற்றுக் கூடு பம்பாய்ப் பழைய இரும்புக் கடை ஒன்றில் அகப்பட்டு, வந்து சேர எழுபது தை ஆகிவிட்டது. பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த சண்முகவடிவு, இந்தத் தடவை தானே பக்கத்தில் இருந்து பார்க்கப் போவதாக அப்பாவிடம் அடம்பிடித்து, கணக்குப்பிள்ளையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். கையில் அந்த இங்கிலீஷ் புத்தகம். கணக்குப்பிள்ளை தோளில், பருத்தி நிறுக்கிற கொக்கித் தராசு.

“மெக்கானிக்கண்ணே, முப்பது அடி-பவுண்டுன்னா ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. போல்ட்டுலருந்து சரியா ஒரு அடி தள்ளி, முப்பது பவுண்டு எடைக்கு இழுக்கணும். அம்புட்டுதான். நம்ம தராசுக் கணக்குல பதிமூணரைக் கிலோ.”

ஸ்பேனரின் மேல் அடிக்கோலை வைத்து அளந்து, சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். அந்தக் கோட்டில் தராசின் கொக்கியை மாட்டச் சொன்னாள். “கோணலா இழுக்கக் கூடாது. சொவத்துக்குத் தரை மாதிரி ஸ்பேனருக்குக் கொக்கி நேர்மூலையா இருக்கணும். முள்ளு பதிமூணரையில வந்ததும் விட்டுருங்க.”

கூடு இந்த முறை கையாலேயே ஒட்டி உட்கார்ந்தது. உள்ளே சுற்றுகிற பாகத்தை லேசாகத் திருகி, அது தன் பள்ளத்தில் விழுந்த பிறகு தள்ள வேண்டும். புத்தகத்தில் அதையும் போட்டிருந்தது. பால்ச்சாமி கொக்கியை மாட்டி இழுத்தார். கையில் பாரமே தெரியவில்லை, முள் பதிமூன்றரைக்கு வந்துவிட்டது.

“இம்புட்டுத்தானா தாயி?”

“இம்புட்டுத்தான்.”

ஒரு சின்னப் பையன் இழுக்கிற இழுப்பு. இதற்கு நான்கு மடங்கு அன்றைக்கு இழுத்திருக்கிறார். இந்தப் பெண் அப்போதே எழுதி அனுப்பியதும் இதைத்தான். கேட்டிருந்தால் இதே தராசு அன்றைக்கே வந்திருக்கும். ஆறு போல்ட்டையும் எதிரெதிராக ஒவ்வொன்றாக முடுக்கி முடிப்பதற்குள் அவருடைய சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

அவர் மேலே ஏறி வந்தபோது சண்முகவடிவு மூலையில் நின்றிருந்தாள். சாக்கை விலக்கி ஒடிந்த கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, இந்தப் பிளவப் பாருங்க. காதுப் பக்கம் ரெண்டு அங்குலம் உள்ளுக்குள்ள கருப்பா இருக்கு. மிச்சம் வெள்ளி மாதிரி மின்னுது. ஒரே நாள்ல ஒடஞ்சா எல்லாம் ஒரே மாதிரில்ல இருக்கணும்?”

“கிரீஸு பட்டிருக்கும் தாயி.”

“பிளவுக்கு உள்ள எப்பிடிண்ணே படும்?”

பால்ச்சாமி துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கையையே துடைத்தார். அந்தப் பெண் அவருடைய முகத்தைப் பார்த்தாள். ஏதோ புரிந்த மாதிரி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு, “வாரேண்ணே” என்று போய்விட்டாள். தன்னில் பாதி வயதே உள்ள பெண் தனக்காக வெட்கப்பட்டுப் போனது பால்ச்சாமியை உலுக்கியது. யாரோ சட்டையை உரித்து நடுரோட்டில் நிறுத்தினாற்போல இருந்தது.

அன்று சாயங்காலமே காசிராஜனின் கிட்டங்கிக்குப் போனார். பருத்தி அம்பாரங்களுக்கு நடுவில் நின்று, எல்லாவற்றையும் சொன்னார். காகிதத்தைப் பார்த்துச் சிரித்தது, குழாய் போட்டு இழுத்தது, கிரீஸ் பூசியது, ‘பட்டிருக்கலாம்’ என்றது.

காசிராஜன் எழுந்து கிட்டங்கியின் கதவைச் சாத்தினார்.

“வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்ல மொதலாளி.”

“சொல்லாத. ஊருக்கு முன்னால ஒருத்தனக் கை நீட்டிட்டேன். இப்பப் போயி தப்புன்னா என் மொகத்த எங்க கொண்டுபோயி வைக்க? புது டிரைவரும் வந்தாச்சு. வண்டியும் சரியாயிருச்சு. நீயும் வாய மூடிக்கிட்டு ஒந்தொழிலப் பாரு.”

வெளியே வந்தபோது பால்ச்சாமிக்கு நெஞ்சில் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. சொல்லிவிட்டோம், இனி முதலாளி பாடு. வீட்டை நோக்கி நடக்க நடக்க, அப்படித் தோன்றியதை நினைத்தே கூச்சம் வந்தது. யாரிடம் சொன்னால் தனக்கு நஷ்டம் இருக்காதோ அவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நரிக்குடிக்குப் போனார். அங்கேயிருந்து வாடகைச் சைக்கிள். வேலிக்கருவை வெட்டிக் கரி மூட்டம் போட்டிருந்த பொட்டலில் உக்கிரபாண்டி மண்வெட்டியோடு நின்றார். புகை கசிகிற ஓட்டைகளுக்கு மண் போட்டு மூடிக்கொண்டிருந்தார். பல்லும் கண்ணும் மட்டும்தான் வெள்ளை. பால்ச்சாமியைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“வாண்ணே! இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்திருக்கியே. ஏ முத்துப்பேச்சி, அண்ணனுக்குக் கஞ்சித் தண்ணி கொண்டா!”

அவர் மனைவி முத்துப்பேச்சி விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். செம்பில் நீராகாரம் கொண்டுவந்து கொடுத்தார்.

“வண்டி ஓடுதாண்ணே?” என்று கேட்டார் உக்கிரபாண்டி. “எடது பக்கக் கண்ணாடி லேசா ஆடும். புது டிரைவருகிட்டச் சொல்லிரு, அழுத்தித் தொடச்சா கையோட வந்துரும்.”

பால்ச்சாமி செம்பைக் குடிக்காமல் கீழே வைத்தார். நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை. தரையில் உட்கார்ந்தார்.

“பாண்டி, கல்லு ஒண்ணும் படல. அந்தக் கூட ஒடச்சவன் நான். பங்குனியிலயே விரிசல் விட்டுருச்சு. எனக்குத் தெரியும். கிரீஸப் பூசி மறச்சேன்.”

உக்கிரபாண்டியும் எதிரே மெதுவாக உட்கார்ந்தார். திட்டுவார் என்று பால்ச்சாமி காத்திருந்தார். அவர் கரிபடிந்த உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“நான் மூணு நாளு நடந்தேண்ணே” என்றார் கடைசியில். “திருச்சுழிலருந்து அந்தப் பள்ளம் வரைக்கும். எந்தக் கல்லுல ஏத்துனேன்னு பாக்குறதுக்கு. ரோட்டுல குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டே போவேன். மடைக்கிட்ட ஒரு கல்லு துருத்திக்கிட்டு இருந்துச்சு. அதுல வெள்ளையா ஒரு கீறல். சரி, இதுதான்னு முடிவு பண்ணி, கடப்பாறைய வாங்கியாந்து பேத்துக் கண்மாய்க்குள்ள உருட்டிவிட்டேன். அடுத்தவன் யாரும் ஏத்திரக் கூடாதேன்னு.” ஒரு கரித்துண்டை எடுத்துத் தூர எறிந்தார். “நானே நம்பிட்டேண்ணே. நீ சொன்னதுனால நம்பிட்டேன்.”

பால்ச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். கண்ணீர் மூக்கு நுனியில் நின்று சொட்டியது. துடைக்கவில்லை.

முத்துப்பேச்சி விறகைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

“அழுவுறீகளோ? எம்புருசன் ஊரு ஊராப் போயி வண்டி கேட்டாரு. காரியாபட்டில கேட்டாரு, விருதுநகர்ல கேட்டாரு. ‘கல்லுல ஏத்துன ஆளுதான நீ’ன்னு சிரிச்சுத்தான் அனுப்புனாக. ஒத்த வார்த்த சொல்ல அன்னைக்கு ஒமக்கு வாய் வரல. இங்கன வந்து, ஒரு காக்கா குருவி கேக்காத பொட்டல்ல சொல்றீரு. இத நாங்க வச்சு என்ன செய்ய? எங்க வச்சு அவரு அடி வாங்குனாரோ, அங்க வச்சுச் சொல்லும்.”

“ஏ, விடு” என்றார் உக்கிரபாண்டி.

“விட மாட்டேன்.”

“சொல்றேன் தாயி” என்றார் பால்ச்சாமி. “நாளைக்கே சொல்றேன். பாண்டி, நீயும் வரணும்.”

“நான் எதுக்குண்ணே?”

“நீ இல்லாதப்பச் சொன்னா, அத நான் மாத்திச் சொல்லிருவேன். என்னய எனக்கே நம்பிக்க இல்ல.”

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை உச்சிப்பொழுதில் கொட்டகைக்கு எதிரே இருந்த டீக்கடையில் லாரி டிரைவர்கள் கூடுவார்கள். உக்கிரபாண்டி அடி வாங்கியதைப் பார்த்தவர்களில் பாதிப் பேராவது இருந்தார்கள். உக்கிரபாண்டி வேட்டி சட்டையைத் துவைத்து உடுத்தி, கடைக்குள் வராமல் வேப்பமரத்து ஓரமாக நின்றார். ஒடிந்த கூட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, டீக்கடை பெஞ்சில் தொப்பென்று வைத்தார் பால்ச்சாமி.

“எல்லாரும் பாத்துக்கங்க. இந்தக் கருப்பு எம் பழைய கிரீஸு. முப்பது பவுண்டுக்கு இறுக்க வேண்டியத, குழாயப் போட்டு இழுத்து ஒடச்சேன். பாண்டி கல்லுல ஏத்தல. மொதலாளி கேட்டப்ப நான் பொய் சொன்னேன். அவன் வாங்குன அடி எனக்கு விழுந்திருக்க வேண்டிய அடி.”

சொல்ல நினைத்து வந்ததில் பாதிதான் இது. டீ ஆற்றுகிறவர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ஒரு வயதான டிரைவர் எழுந்து வந்து, கூட்டைத் திருப்பிப் பார்த்து, பிளவில் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு பால்ச்சாமியின் முகத்தைப் பார்க்காமலே, வெளியே போய் உக்கிரபாண்டியின் கையைப் பிடித்துக் கடைக்குள் கூட்டிக்கொண்டு வந்தார். “இவருக்கு ஒரு டீ போடு” என்றார். பால்ச்சாமிக்கு யாரும் சொல்லவில்லை. கூட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்.

அன்று கொட்டகையில் நின்ற லாரி ஒன்றைச் சாயங்காலமே வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காசிராஜனின் கார் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை. அவர் உக்கிரபாண்டியைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. ஆனால் இரண்டு மாதத்தில் காரியாபட்டியில் எண்ணெய் வியாபாரம் செய்த சௌந்தரபாண்டியன் என்பவர், “கல்லுல ஏத்தாத டிரைவரு நீதானப்பா” என்று கேட்டு அவரை வேனுக்கு வைத்துக்கொண்டார்.

பால்ச்சாமிக்கு இரண்டு வருஷம் கஷ்டம்தான். தண்ணீர் இறைக்கிற எஞ்சின், கிணற்று மோட்டார் என்று கிடைத்ததைப் பழுது பார்த்தார். பிறகு லாரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. புதுசாக வருகிற எந்த வேலைக்கும், “இத இதுக்கு முன்ன நான் செஞ்சதில்ல, யோசிச்சுக் குடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுவார். சொல்லும்போது முகம் சிவந்துவிடும். சிலர் அதைக் கேட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அவர் தடுக்க மாட்டார். உக்கிரபாண்டியின் வேன் அந்த ரோட்டில் போகும்போது ஹாரன் ஒரு முறை ஒலிக்கும். நிற்காது. பால்ச்சாமி கையைத் தூக்குவார்.

எழுபத்தைந்து வைகாசியில் உக்கிரபாண்டி தன் மகனுக்குக் காது குத்தினார். பத்திரிகை தபாலில் வந்தது. போவதா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்துவிட்டு, ஆவுடைத்தாய் சொன்னதால் பால்ச்சாமி போனார். மொய் எழுதுகிற இடத்தில் கூட்டம். உக்கிரபாண்டி தூரத்திலிருந்தே, “வாண்ணே, மொதல்ல சாப்பிடு” என்று கையைக் காட்டிவிட்டு வேலையாகப் போய்விட்டார். பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்தார் பால்ச்சாமி.

சோறு கொண்டுவந்தவர் முத்துப்பேச்சி. இலை இலையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். “அத்தான் வெக்கப்படாமச் சாப்பிடுங்க”, “மதினி, பேரனக் கூட்டி வரலையா?” பால்ச்சாமியின் இலைக்கு முன்னால் வந்ததும் பேச்சு நின்றது. மற்றவர்களுக்கு வைத்த அதே அளவு சோற்றை வைத்தார். குழம்பை ஊற்றினார்.

“போதுமா?”

“போதும் தாயி.”

அடுத்த இலைக்கு நகர்ந்து போனார். பால்ச்சாமி தலை நிமிராமல், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்.